யாருடைய நாட்காட்டியில் பண்டிகை?

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. கரும்பும் மரவள்ளியும் மக்காச்சோளமும் விளையும் மாவட்டம் இது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இயங்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. இப்படிப்பட்ட ஊர்களிலிருந்தும் இன்று பிள்ளைகள் முதுகலைப் படிப்புக்கு ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும், மருத்துவம் படிக்கப் பிலிப்பைன்ஸுக்கும் ஜார்ஜியாவுக்கும் போகிறார்கள். 2024-இல் வெளிநாடுகளில் படித்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல் என்பது ஒன்றிய அரசு தந்த கணக்கு. அவர்கள் அங்கே பண்டிகையை எப்படிக் கழிக்கிறார்கள் என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் ஏக்கத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அம்மா சுட்ட முறுக்கை நினைத்துக் கண் கலங்குவது, வீடியோ காலில் தாத்தா பாட்டியிடம் ஆசி வாங்குவது, தமிழ்ச் சங்கத்தில் வேட்டி கட்டிப் படம் எடுப்பது என்று அது முடிந்துபோகிறது. இந்தப் பார்வை பொய்யல்ல, ஆனால் போதாது. பண்டிகை நாளில் மாணவர் இழப்பது முதன்மையாக உணவையோ உறவையோ அல்ல, நேரத்தை. தன்னைச் சுற்றியுள்ளவர்கள் வேலையை நிறுத்தித் தனக்கும் விட்டுக்கொடுக்கும் ஒரு பொழுதுதான் அங்கே இல்லாமல் போகிறது. அந்தப் பொழுதைத் தருவதும் மறுப்பதும் நிறுவனங்களின் கையில் இருப்பதால், இது மனசு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதைக் காட்டிலும் நியாயம் சம்பந்தப்பட்ட விஷயம்.

இதைத் தெளிவாகப் பார்க்க, பண்டிகைகளை அவை எவ்வளவு தூரம் பயணம் செய்யக்கூடியவை என்பதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம். முதல் வகை வீட்டுப் பண்டிகை. தீபாவளிக்கு எண்ணெய்க் குளியல், புதுத்துணி, பலகாரம். பொங்கலுக்கு ஓர் அடுப்பு, பச்சரிசி, வெல்லம். இவை இருந்தால் எந்த நாட்டுச் சமையலறையிலும் ஒருவாறு நடத்திவிடலாம். இரண்டாவது வகை சபைப் பண்டிகை. ரம்ஜான், பக்ரீத் தொழுகைக்கும் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் ஆராதனைக்கும் கூடித் தொழ ஒரு பள்ளிவாசலோ தேவாலயமோ வேண்டும். உலகின் பெரும்பாலான பல்கலைக்கழக நகரங்களில் அவை இருக்கின்றன. மொழி வேறாக இருக்கலாம், தொழுகையின் ஒழுங்கு அதுவேதான். மூன்றாவது வகைதான் நம் பேச்சில் விடுபட்டுப்போவது: ஊர்த் திருவிழா. அது ஒரு குறிப்பிட்ட ஊரின் எல்லைக்குள், ஒரு குறிப்பிட்ட அம்மனுக்கோ ஐயனாருக்கோ, அந்த ஊரார் குறித்த தேதியில் மட்டுமே நடக்கும். ஊருக்குத்தான் திருவிழா, ஊரில் இல்லாதவருக்கு அது செய்தி மட்டுமே.

காப்புக் கட்டும் வழக்கம் இந்த மூன்றாம் வகையின் இயல்பைச் சொல்லிவிடும். காப்புக் கட்டியபின் ஊரை விட்டு வெளியே தங்கக் கூடாது, வெளியே போனாலும் இரவுக்குள் திரும்ப வேண்டும் என்பது வட தமிழகக் கிராமங்கள் பலவற்றில் இன்றும் சொல்லப்படும் கட்டுப்பாடு. உளுந்தூர்பேட்டை அருகே கூவாகத்தில் கூத்தாண்டவருக்குச் சித்திரையில் நடக்கும் 18 நாள் விழாவும் இடத்தோடு ஒட்டியதே. கூத்தாண்டவர் எனப்படும் அரவானுக்காகத் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்வதும் மறுநாள் அதை அறுத்து அழுவதும் அந்த மண்ணில்தான் பொருள்படும். இதே மாவட்டத்துக் கல்வராயன் மலையில் இது இன்னும் கூர்மை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகத் தங்கள் வரலாற்றைச் சொல்லும் மலையாளிப் பழங்குடியினர் அங்கே வாழ்கிறார்கள். அவர்களுடைய ஊர்க் கோயில் விழாக்களின் நாளை ஊர்க்கவுண்டர் முதலான பெரியவர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். மழை, அறுவடை, ஊரில் நடந்த சாவு எல்லாம் அந்த முடிவில் இடம்பெறும். அச்சிட்ட நாட்காட்டி எதிலும் முன்கூட்டி வராத அந்தத் தேதிக்கு, ஆறு மாதம் முன்பே விமானச் சீட்டு எடுக்க வேண்டிய மாணவர் எப்படி வந்து சேர முடியும்? ஏக்கம் ஆழமாக இருப்பது இந்த வகையில். நிறுவனங்களின் கண்ணுக்குச் சற்றும் படாததும் இந்த வகையே.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஊர்த் திருவிழா பயணம் செய்யாது என்பது வரலாற்றுக்கு ஒத்து வருமா? கள்ளக்குறிச்சியும் அடங்கியிருந்த பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில், செஞ்சியை மையமாகக் கொண்டு திரௌபதி அம்மன் வழிபாடு செழித்தது. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988 முதல் வெளியிட்ட விரிவான நூல்கள் இந்த வழிபாட்டைப் பற்றியவை. அதன் தீமிதி இன்று சிங்கப்பூரில், 1827-இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் தீபாவளிக்குச் சில நாள் முன்பு நடக்கிறது. மொரிஷியஸிலும் ரியூனியனிலும் தென்னாப்பிரிக்காவிலும் தமிழர் தீ மிதிக்கிறார்கள். ஆக, ஊர்த் தெய்வமும் கடல் கடந்தது உண்மை. ஆனால் எப்படிக் கடந்தது என்று பார்க்க வேண்டும். அதைக் கொண்டுபோனவர்கள் கூட்டமாகப் போய், அங்கேயே தங்கி, பிள்ளை பெற்று, கோயில் கட்டிய தொழிலாளர்களும் வணிகர்களும். விழா எடுக்கத் தலைமுறைகள் வேண்டும். பூசாரி, பந்தக்கால், நிதி, விரதம் இருக்கும் நூறு பேர் வேண்டும். இரண்டு ஆண்டு விசாவில் ஒற்றை ஆளாகப் போகும் மாணவரிடம் இவற்றில் ஒன்றும் இல்லை. எனவே புலம்பெயர் வரலாறு நம் வாதத்தை உடைக்கவில்லை. பண்டிகை என்பது பலர் சேர்ந்து ஒதுக்கும் காலத்தால் ஆவது என்பதையே அது உறுதிப்படுத்துகிறது.

மாணவர் போய்ச் சேர்வதற்கு முன்பே பிறர் கட்டிவைத்த கூடாரங்கள் உண்டு என்பதும் உண்மை. 1983-க்குப் பின் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சிதறிய ஈழத் தமிழர் இல்லையென்றால், இன்று ஜெர்மனியில் படிக்கும் கள்ளக்குறிச்சி மாணவருக்குத் தேர்த் திருவிழா என்ற ஒன்றே கிடைத்திராது. ஹாம் நகரில் 2002-இல் குடமுழுக்கு கண்ட காமாட்சி அம்பாள் கோயிலும், பாரிஸ் மாணிக்க விநாயகர் ஆலயத்தின் வீதியுலாவும், லண்டன் ஹைகேட் முருகன் கோயிலும் அகதிகளாகவும் முன்னோடிக் குடியேறிகளாகவும் வந்தவர்களின் உழைப்பு. அங்கே போகும் மாணவருக்குச் சோறும் கிடைக்கும், தமிழும் கேட்கும். ஆனாலும் பெரும்பாலான தமிழ்ச் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் பொங்கலையும் தீபாவளியையும் அடுத்து வரும் சனிக்கிழமைக்குத் தள்ளியே கொண்டாடுகின்றன. மண்டபம் அன்றுதான் கிடைக்கும், ஆட்கள் அன்றுதான் வருவார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தள்ளிவைத்த பண்டிகை மெல்ல மெல்ல வழிபாடாக இருப்பதை விட்டுக் கலைநிகழ்ச்சியாக மாறுகிறது. சூரியனுக்குப் படைப்பது தை முதல் நாள் காலையில்தான். மூன்று நாள் கழித்து மாலை 6 மணிக்கு மண்டபத்தில் படைத்தால் அது நினைவு விழா. சங்கங்களின் அருமையை மறுக்காமலே, மாணவருக்கு அந்த நாளே கிடைக்காததன் ஈடு அது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த நாள் ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு மாணவர் வாழ்க்கையின் நடைமுறையே சான்று. பொங்கல் ஜனவரி 14 அல்லது 15-இல் வருகிறது. பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்களுக்கு அது தேர்வுக் காலம்; ஜெர்மனியில் குளிர்காலப் பருவத்தின் கடைசி வாரங்கள். தீபாவளி வரும் ஐப்பசியோ புதிய கல்வியாண்டு தொடங்கி வேகம் பிடிக்கும் நேரம். பெரும்பாலான மாணவர்கள் பகுதிநேர வேலையும் பார்க்கிறார்கள். பிரிட்டனில் பருவ காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், ஆஸ்திரேலியாவில் இரு வாரத்துக்கு 48 மணி நேரம் என்று விசா விதி வரம்பு கட்டுகிறது. வரம்புக்குள் கிடைக்கும் ஒரு ஷிப்டை விட்டால் அந்த வார வாடகை இடிக்கும். ஆகவே அவர் விடுப்புக் கேட்க வேண்டியது பேராசிரியரிடம் மட்டுமல்ல, உணவக மேலாளரிடமும் கிடங்கு மேற்பார்வையாளரிடமும். நாள்களைச் சேர்த்து ஊருக்கே வந்து போகலாம் என்றால் வருகைப் பதிவு குறுக்கே நிற்கிறது. பிரிட்டனில் மாணவரின் வருகையைக் கண்காணிப்பது விசாவுக்குப் பொறுப்பேற்ற பல்கலைக்கழகத்தின் கடமை. விளக்கும் கற்பூரமும் ஏற்றினால் விடுதியின் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். ஜெர்மனியில் பொதுமக்களுக்குப் பட்டாசு விற்பது ஆண்டின் கடைசி மூன்று நாள்களில் மட்டுமே. புத்தாண்டுக்கு அந்த ஊர் வானம் வெடித்துச் சிதறலாம், தீபாவளிக்கு ஒரு சரவெடிக்கும் இடமில்லை. எந்த நாளுக்குச் சத்தம், எந்த நாளுக்கு அமைதி என்பதைத் தீர்மானிப்பதும் நாட்காட்டியின் அதிகாரமே.

தொழில்நுட்பம் இதைத் தீர்த்துவிட்டது என்போர் உலக உருண்டையை ஒருமுறை சுற்றிப் பார்க்கலாம். கள்ளக்குறிச்சியில் காலை 7 மணிக்குப் பானை பொங்கும்போது லண்டனில் இரவு 1.30, டொராண்டோவில் முந்தைய நாள் இரவு 8.30. மெல்போர்னில் நண்பகல் 12.30, அதுவும் கோடை விடுமுறைக் காலம் என்பதால் ஆஸ்திரேலிய மாணவருக்கு மட்டும் சற்றே அதிர்ஷ்டம். லண்டன் மாணவர் கண்விழித்துப் பார்த்தாலும் அவர் பார்வையாளர்தான். பண்டிகையில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை உண்டு: வாசலில் கோலமிடுவது, மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் பூசுவது, பங்காளி வீடுகளுக்குப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுப்பது. திரை வழியே வாழ்த்துச் சொல்லலாம், கைவேலை செய்ய முடியாது. வீட்டாரும் இதை அறிவார்கள். குலதெய்வத்துக்கு மகன் எடுக்க வேண்டிய காவடியைத் தம்பி எடுப்பான், மகள் வைக்க வேண்டிய மாவிளக்கைச் சித்தி வைப்பார். வீடு மாற்று ஏற்பாடு செய்துகொள்கிறது. அந்த ஏற்பாட்டில் வெளிநாட்டில் இருப்பவரின் இடம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது.

கிறிஸ்தவ, முஸ்லிம் மாணவர்களின் நிலை இந்த வாதத்துக்கு இன்னொரு பக்கத்திலிருந்து வெளிச்சம் தருகிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து ஐரோப்பா போன கிறிஸ்தவ மாணவருக்கு டிசம்பரில் விடுப்புக் கேட்கும் தேவையே இல்லை, பல்கலைக்கழகமே மூடிவிடும். நேரம் தாராளமாகக் கிடைத்தும், அன்று பல ஊர்களில் பேருந்து ஓடாது, பெரும்பாலான கடைகள் திறக்காது, உடன் தங்கியவர்கள் வீடு போய்விடுவார்கள். அவருக்கு நேரம் இருக்கிறது, கூட்டம் இல்லை. ஆனால் தேவாலயம் திறந்திருக்கும். ஒரே ஓர் அழைப்பு வந்தாலும் குறை பாதி தீரும். முஸ்லிம் மாணவரின் சிக்கல் வேறு. ரம்ஜான் மாதம் ஆண்டுக்குப் பத்து, பதினோரு நாள் முன்னோக்கி நகர்வதால் நோன்பு சில ஆண்டுகள் வடக்கு நாடுகளின் நீண்ட கோடைப் பகலில் விழும். தேர்வும் அப்போதே வரும். 2016-இல் பிரிட்டனின் தேர்வு அமைப்புகள் மாணவர் அதிகம் எழுதும் சில பாடங்களின் நேரத்தை நோன்பை மனத்தில் வைத்து அமைத்தன. தேர்வு ரத்தாகவில்லை, தரம் குறையவில்லை; அட்டவணை மட்டும் கொஞ்சம் நகர்ந்தது. எண்ணிக்கையும் தொடர்ந்த கோரிக்கையும் இருந்தால் நிறுவனம் நகரும் என்பதற்கு இது சான்று.

சட்டங்களும் அதையே காட்டுகின்றன. நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகளுக்குத் தீபாவளி விடுமுறை அளிக்கும் சட்டம் 2023 நவம்பரில் கையெழுத்தானது. கலிபோர்னியா 2025 அக்டோபரில் தீபாவளியை மாநில விடுமுறைப் பட்டியலில் சேர்த்தது. இவை வெற்றிகள்தாம். ஆனால் நியூயார்க்கில் முதல் விடுமுறை வந்த நாளைப் பாருங்கள்: 2024 நவம்பர் 1. தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 31. நமக்கு நரக சதுர்த்தசி விடியலின் எண்ணெய்க் குளியல்தான் பண்டிகை. வட இந்தியருக்கு அமாவாசை இரவின் லட்சுமி பூசை. அங்கே சட்டம் இயற்றும் அளவுக்குக் குரல் கொடுத்தவர்களின் தேதியே சட்டத்தின் தேதியாயிற்று. சிறுபான்மைக்குக் கிடைத்த விடுமுறைக்குள்ளும் ஒரு பெரும்பான்மை இருக்கிறது. தமிழர் வலுவாக உள்ள சிங்கப்பூரிலும் 1968-இல் தைப்பூசம் பொதுவிடுமுறைப் பட்டியலிலிருந்து நீங்கியது, தீபாவளி மட்டும் நின்றது. தமிழ்நாட்டு அரசே தைப்பூசத்தைப் பொதுவிடுமுறையாக்கியது 2021-இல்தான். பட்டியலில் ஒரு நாள் ஏறுவதும் இறங்குவதும் பக்தியின் அளவுகோல் அல்ல, பேரம் பேசும் பலத்தின் அளவுகோல். மாணவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. குறிப்பிட்ட நாளுக்குப் பொதுவிடுமுறை கேட்பதைக் காட்டிலும், தன் நாளைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமையைக் கேட்பது பயன் தரும். தேர்வை வேறு நாளில் எழுதவும், விட்டுப்போன ஆய்வகத்தைப் பின்னர் ஈடுசெய்யவும் வாய்ப்பிருந்தால், சதுர்த்தசியா அமாவாசையா என்ற வழக்கே எழாது. ஊரார் குறித்த தேதிக்கும் அப்போது இடம் கிடைக்கும்.

படிக்கப் போனவர் படிக்கட்டும், இரண்டு பொங்கல் தவறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். குடி முழுகாதுதான். ஆனால் அந்தக் கேள்வியை எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்கிறோமா? கிறிஸ்துமஸையும் ஈஸ்டரையும் சுற்றியே மேலைநாட்டுக் கல்வியாண்டு அமைந்திருக்கிறது. பெரும்பான்மை மாணவருக்குக் கேளாமலே கிடைப்பதைச் சிறுபான்மை மாணவர் மதிப்பெண்ணாகவும் கூலியாகவும் விலை கொடுத்து வாங்குகிறார். விலையில் உள்ள இந்த ஏற்றத்தாழ்வே குறை, தவறவிட்ட இனிப்பல்ல. அடுத்த மறுப்பு நிர்வாகத்தினுடையது: ஒவ்வொருவர் பண்டிகைக்கும் விடுப்பு விட்டால் பாட நாளே மிஞ்சாது என்பது. இதற்கு விடை தேடி வெளியே போக வேண்டியதில்லை. நம் மாவட்ட ஆட்சியர்கள் நெடுங்காலமாகக் கையாளும் உள்ளூர் விடுமுறை முறையே போதும். திருவண்ணாமலைக்குக் கார்த்திகைத் தீபம், கொல்லிமலையை உடைய நாமக்கல்லுக்கு ஆடியில் வல்வில் ஓரி விழா என்று அந்தந்த ஊருக்கு ஒரு நாள் விடுவார்கள். ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைநாளாகும். 2024-இல் தீபாவளிக்கு மறுநாளை விடுமுறையாக்கிய தமிழ்நாட்டு அரசு, நவம்பர் 9 சனிக்கிழமையை வேலைநாளாக அறிவித்ததும் இதே தத்துவம். பாட நாளும் குறைவதில்லை, திருநாளும் தவறுவதில்லை. ஒரு மாவட்டத்துக்குச் செய்ய முடிவதை ஒரு மாணவருக்குச் செய்வது இன்னும் எளிது.

இவற்றைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஊர்த் திருவிழா எல்லாருக்கும் இனித்ததா? கள்ளக்குறிச்சி மாவட்டம் எடுத்தவாய்நத்தம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் நுழைய முடிந்தது 2023 ஜனவரியில், அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. தேர் எந்தத் தெரு வழியே போகும், வடம் பிடிப்பவர் யார், முதல் மரியாதை யாருக்கு என்பன இன்றும் பல ஊர்களில் சாதியின் கேள்விகள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போன தலித் மாணவர் லண்டனிலோ பெர்லினிலோ சக மாணவரோடு ஒரே அடுப்பில் பொங்கல் வைப்பது, அவர் வாழ்வில் யாரும் விலக்கிவைக்காத முதல் பண்டிகையாகவும் இருக்கலாம். ஆண்டு முழுக்க அடுப்படியில் நின்ற பெண்ணுக்கு, ஆண்களும் காய் நறுக்கும் விடுதிச் சமையலறை ஒரு விடுதலை. இதை ஏற்றுக்கொண்டே சொல்கிறேன்: விடுப்புக் கேட்பது ஊரை அப்படியே மீட்கக் கேட்பதல்ல. நேரம் மாணவர் கையில் இருந்தால் எந்தப் பண்டிகையை, யாரோடு, எப்படிக் கொண்டாடுவது, கொண்டாடாமல் விடுவது என்பதை அவரே முடிவு செய்வார். அயல்நாடு தானாகச் சாதியைக் கழுவிவிடும் என்றும் நம்ப வேண்டாம். சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தை 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரமன்றம் நிறைவேற்ற வேண்டி வந்தது, சாதி அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்ததால்தான். மாணவர் அமைப்பு நடத்தும் பொங்கல் எல்லாருக்குமானதா என்ற கேள்வியை அங்கேயும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த வாதம் முழுவதையும் கள்ளக்குறிச்சிக்கே திருப்பினால் அதன் கூர்மை புரியும். வீட்டை விட்டு வேறொருவர் நாட்காட்டிக்குள் போய்ப் படிப்பதற்குக் கடல் தாண்ட வேண்டியதில்லை, ஊரை விட்டு ஒரு விடுதிக்குப் போனாலே போதும். கல்வராயனின் பிள்ளைகள் அங்குள்ள வெள்ளிமலை ஏகலைவா பள்ளியிலும், அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும், மேற்படிப்புக்குச் சமவெளிக் கல்லூரி விடுதிகளிலும் தங்கிப் படிக்கிறார்கள். மாநில அரசின் விடுமுறைப் பட்டியலில் தீபாவளி உண்டு, பக்ரீத் உண்டு, கிறிஸ்துமஸ் உண்டு. மலையாளி மக்கள் தங்கள் ஊர்த் தெய்வங்களுக்கு எடுக்கும் விழா எதுவும் இல்லை. ஊருக்கு ஊர் நாள் மாறுவதால் இருக்கவும் முடியாது. பெற்றோர் பலர் கேரளத்துக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்குப் போய்த் திருவிழாவுக்கென்று திரும்பும் மலை அது. குடும்பம் ஒன்று சேரும் அந்தச் சில நாள்களில் பிள்ளை விடுதியில் இருந்தால், பிரிட்டனில் பொங்கலன்று தேர்வு எழுதும் மாணவருக்கும் அந்தப் பிள்ளைக்கும் என்ன வேறுபாடு? சொல்லப்போனால், வெளிநாட்டு மாணவர் தாமே முடிவெடுத்துப் போனவர். இவர் பத்து வயதில் அனுப்பி வைக்கப்பட்டவர்.

பழங்குடி மாணவருக்கு வெளிநாட்டுக் கதவும் இப்போது சற்றுத் திறந்திருக்கிறது. ஒன்றியப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை ஆண்டுக்கு 20 பேருக்கு உண்டு. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இவற்றில் கல்வராயனிலிருந்து போகும் ஒரு மாணவர், ‘என் ஊர் விழாவுக்கு இரண்டு நாள் வேண்டும், தேர்வை வேறு நாளில் எழுதுகிறேன்’ என்று அயல்நாட்டுப் பேராசிரியரிடம் கேட்கும் தைரியத்தை எங்கே பழகியிருப்பார்? தன் விழாவும் விடுப்புக்குரிய விழாவே என்று சொந்த மாவட்டத்தில் ஒருமுறையாவது யாராவது ஏற்றிருந்தால்தான் அது வரும். பட்டியலில் இல்லாத பண்டிகை கேட்கத் தகாதது என்று பள்ளியிலேயே கற்றுக்கொண்ட பிள்ளை, வெளிநாட்டில் கேட்காமலே இருந்துவிடும். பிறகு அந்த மௌனத்தை நாம் ‘அவருக்கு அதில் ஆர்வமில்லை’ என்று படித்துக்கொள்வோம்.

ஆகவே செய்ய வேண்டியவை இரு கரையிலும் உள்ளன. வெளிநாடு போகும் மாணவர், சேர்க்கைக் கடிதம் வந்ததுமே பல்கலைக்கழகத்தின் மத விடுப்பு விதியையும் மாற்றுத் தேர்வு விதியையும் படித்து, பருவத்தின் முதல் வாரத்திலேயே தன் நாள்களை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். வேலை தருபவரிடமும் அப்படியே; கிறிஸ்துமஸ் ஷிப்டைத் தான் பார்த்து, ஈடாகத் தீபாவளியைக் கேட்பது இரு தரப்புக்கும் ஏற்ற பண்டமாற்று. தமிழ்ச் சங்கங்கள் சனிக்கிழமை விழாவோடு நின்றுவிடாமல், உரிய நாளின் காலைப் படையலுக்கு ஒரு வீட்டையாவது திறந்து வைக்கலாம். கள்ளக்குறிச்சியில், மலை மாணவர் தங்கும் விடுதிகளும் கல்லூரிகளும் ஆண்டுக்கு இரண்டு நாளை மாணவரே தேர்ந்துகொள்ளும் ஊர்த் திருவிழா விடுப்பாக அறிவித்து, விட்ட பாடத்தைச் சனிக்கிழமையில் ஈடுசெய்யலாம். இதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ வேண்டாம். ஊர்ப் பெரியவர் தேதி சொன்னதும் விடுதிக் காப்பாளர் ஒப்பமிட ஒரு சுற்றறிக்கை போதும். அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் நம் பண்டிகையை மதிக்க வேண்டும் என்று நாம் கேட்பது நியாயமே. வெள்ளிமலையில் விழா எடுப்பவர்களுக்கு அதே நியாயத்தை நாம் வழங்கிய பின்பு கேட்டால், அது சலுகை கேட்கும் குரலாக இராமல் கொள்கை பேசும் குரலாக இருக்கும்.